வராத வண்டிக்குப் பூசை போட்ட ஜெயக்கொடி அக்கா

அன்று காலை பள்ளி வேன் வரவில்லை.

எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் ஹாரன் கேட்பதற்கு முன்பே என் மகன் கவின் காலணியை மாட்டிக்கொண்டு கேட்டருகே போய் நின்றுவிடுவான். அன்றும் நின்றான். அவனுடைய பையைத் தோளில் மாட்டியபடி நானும் நின்றேன். எதிர்வீட்டுப் பிள்ளையை அதன் அப்பா மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வேன் ஓட்டும் ஜெயக்கொடி அக்கா தாமதமாக வந்து நான் பார்த்ததே இல்லை. கைப்பேசியில் கூப்பிட்டேன். எடுத்தவர் அவருடைய கணவர் ராமு அண்ணன்.

"அக்கா போயிட்டாம்மா" என்றார்.

என் வாயில் முதலில் வந்த கேள்வி, "பிள்ளைங்க வேன்ல ஏறியாச்சாண்ணே?" என்பதுதான்.

"இல்லம்மா. இன்னும் கிளம்பவே இல்ல. எஞ்சினைப் போட்டுட்டு தண்ணி போத்தல் எடுக்க உள்ள வந்தா. நாற்காலியில உட்கார்ந்தா. அவ்வளவுதான்." பிறகு, "நீ கேட்டதைத்தான் அவளும் முதல்ல கேட்டிருப்பா" என்றார்.

அவர் பேசும்போது பின்னால் வேன் ஓடிக்கொண்டிருந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை போலும்.

இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கப்போகிறவர்களில் ஒரு பாதி, என்னைப்போல் காலையில் கேட்டருகே நின்று அக்காவை அறிந்த அம்மாக்கள். மறுபாதி, ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பின் நகரத்துச் சாலையோர ஒட்டுக்கடையில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டு, நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ குடிக்கிற செடான் கார்க் குழுவினர். அம்மாக்களுக்குத் தெரிந்தது, செம்பனைத் தோட்டத்துப் பாதையில் வேனை உருட்டிக்கொண்டு போகிற, குழிக்குக் குழி பிரேக் போடுகிற அக்கா. குழுவினருக்குத் தெரிந்தது, கறுப்பு செடானின் கதவைச் சாத்தும்போதே ஆண்பிள்ளைகளின் பேச்சை நிறுத்திவிடுகிற அக்கா. இரண்டு பேரும் ஒருவர்தான் என்பதை நான் கொஞ்சம் பார்த்தவள். அதனால் எழுதுகிறேன். குழுவில் விளம்பரப் பலகைக் கடை வைத்திருக்கும் குணா அண்ணன்தான், "நீ படிச்ச புள்ள, நீயே எழுது. நான் எழுதினா அழுதுடுவேன்" என்றார். நான் அழமாட்டேன் என்று யார் சொன்னது என்று தெரியவில்லை.

கவினுக்கு மூச்சு இழுப்பு உண்டு. அதனால் பாலர் பள்ளியில் சேர்த்த முதல் வாரம் அவனை வேனில் ஏற்றிவிட்டு என் சின்னக் காரில் பின்னாலேயே போனேன். கண்ணாடி வழியே அவன் தலை தெரிகிறதா என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். இரண்டாம் நாள், தோட்டத்துப் பாதையின் நடுவில் வேன் விளக்குகளை மின்னவிட்டபடி ஓரமாக நின்றது. அக்கா இறங்கி என் சன்னலுக்கு வந்தார்.

"ஏம்மா, நீ பின்னாடி வர்றியா, இல்ல என்னை முந்தப் பாக்குறியா?"

நான் என்னவோ உளறினேன். இன்ஹேலர், பையின் முன் பக்கம், இருமல், அப்படி.

"முந்துறதுன்னா ஞாயித்துக்கிழமை வா. இன்னிக்கு புள்ளைங்க இருக்குலா" என்று சிரித்தார். பிறகு, "நாளைக்கும் வரணும்னா வா. நான் வேணாம்னு சொல்லல. சிக்னலை முன்னாடியே போடுறேன், நீ வந்து இடிச்சிடாம இரு" என்றார்.

சொன்னபடியே செய்தார். அந்த வாரம் முழுக்க, திருப்பம் கண்ணுக்கே தெரியாத தூரத்தில் வேனின் சிக்னல் மின்னத் தொடங்கிவிடும். பின்னால் வராதே என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மறுவாரம் கவினின் இன்ஹேலர் போலவே இன்னொன்று, பெயர் எழுதிய பையில், வேன் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. என்னிடம் மருந்தின் படத்தைக் கேட்டு வாங்கியது அதற்குத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் என்ன என்று பிறகு தெரிந்துகொண்டேன். பிள்ளைக்கு இட்லி மாவு வாங்கத் தம்பினுக்குப் போயிருந்தபோது, ஒட்டுக்கடை எதிரில் ஒரு கறுப்பு செடான் வந்து நின்றது. அக்கா இறங்கினார். வேனில் உடுத்தும் அதே பருத்திச் சுடிதார், அதே கொண்டை. ஆனால் நடை வேறு. கார் விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சாதாரணக் குடும்பக் கார் ஒன்றையே கம்பெனிக்காரர்கள் கூடுதல் சக்தியுள்ள எஞ்சினும் இறுக்கமான சஸ்பென்ஷனும் கையால் மாற்றும் கியரும் வைத்துத் தனி வகையாக விற்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். பின்பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்புச் சின்னம் இருக்கும், அதுதான் அடையாளம். அக்காவின் கார் அந்தச் சிவப்புச் சின்ன வகை. வேன் ஓட்டிச் சேர்த்ததில் வாங்கியது.

"ஒரு நாள் என்கூட வாயேன். கெமாஸ் ரோட்டுல ஒரு சுத்து போயிட்டு வந்துடலாம்" என்றார்.

"கவினையும் கூட்டிட்டு வரட்டுமா?"

"புள்ளைய ஏத்திக்கிட்டு இந்த வண்டிய நான் ஓட்டமாட்டேன். அப்பன்காரன்கிட்ட விட்டுட்டு வா."

"அவனை விட்டுட்டு எப்படிக்கா?"

"எப்படின்னா? செருப்பு மாட்டு, கதவைச் சாத்து, வா."

அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றேன். அடுத்த ஞாயிறு கவினுக்குச் சளி. அதற்கடுத்த ஞாயிறு சளி இல்லை, ஆனால் வந்துவிடுமோ என்று இருந்தது. அக்கா ஒவ்வொரு வாரமும் கேட்டார். நான் ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்றேன்.

அந்த நேரத்தில்தான் அந்த செடானைப் புதிதாக வடிவமைத்து வெளியிடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அக்காவுக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் வாசிக்க வரும். காலையில் பிள்ளைகள் ஏறுகிற நேரத்துக்குள் கைப்பேசியை என்னிடம் நீட்டி, "சட்டுனு படி, என்ன போட்டிருக்கான்?" என்பார். முன்முகம் மாறுகிறது, விளக்குகள் மெலிதாகின்றன, எஞ்சின் புதியது என்று வாசிப்பேன். "சிவப்பு பேட்ஜ் பத்தி?" அதைப் பற்றி ஒன்றும் இருக்காது. "சொல்லமாட்டானுங்க. கடைசியிலதான் சொல்லுவானுங்க. கல்யாணத்துல பாயசம் கடைசியிலதானே" என்பார்.

அந்த நம்பிக்கையில் பழைய காரைக் கெமாஸ் ஹரிக்கு விற்றுவிட்டார். ஹரி குழுவிலேயே வயதில் சின்னவன், அந்தக் காரைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவன். "புதுசு வரட்டும். முதல் ஆளா உன்னைத்தான் ஏத்துவேன்" என்று என்னிடம் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. இன்னும் சில மாதங்களுக்குச் சாக்குத் தேட வேண்டியதில்லை.

குணா அண்ணன் உற்சாகத்தில் ஒரு படி மேலே போனார். பழைய சின்னத்தை அளவெடுத்துப் புதிதாக ஒன்று வெட்டிக் கொண்டுவந்துவிட்டார். புதுக் கார் எடுத்தால் நாம் என்ன செய்வோம்? முனீஸ்வரர் கோயிலில் நிறுத்தி, மாலை போட்டு, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவோம். இவர்கள் காரே இல்லாமல் சின்னத்தை மட்டும் தாம்பாளத்தில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். நானும் கவினும் போயிருந்தோம்.

பூசாரி தாம்பாளத்தைப் பார்த்தார். வெளியே பார்த்தார். "வண்டி எங்கம்மா?"

"வரும் சாமி. இன்னும் வெளியாகல."

"அப்ப பழத்தை எங்க வைக்கிறது? டயர் வர்ற வரைக்கும் நான் இங்கயே நிக்கவா?"

"என் கால்ல வைங்க. இன்னிக்கு நான்தான் வண்டி" என்றார் அக்கா.

பூசாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு காலடியில் பழங்களை வைத்தார். அக்கா சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலதையும் இடதையும் அழுத்தி மிதித்தார். சாறு சிமென்டில் தெறித்தது.

"ரிவர்ஸ் எடுத்துடாதீங்கக்கா, பின்னாடி ராமு அண்ணன் நிக்கிறாரு" என்றார் குணா அண்ணன்.

ராமு அண்ணன், "என்னைத்தான் தினமும் ஏத்துறாளே" என்றார். சாமி சன்னதி என்றும் பாராமல் எல்லோரும் சிரித்தோம். கவின் வீட்டுக்கு வந்ததும் பழக்கூடையிலிருந்து எலுமிச்சையை எடுத்துத் தரையில் வைத்து மிதித்தான்.

வெளியீட்டு நிகழ்ச்சியைக் குழுவினர் ஒட்டுக்கடையில் குணா அண்ணனின் டேப்லட்டில் பார்த்தார்கள். மேடையில் பிள்ளைகள் ஆடினார்கள். புகை வந்தது. கார் வந்தது. அழகாகத்தான் இருந்தது. ஒருவர் ஒவ்வொரு வகையாகச் சொன்னார். எல்லாமே ஆட்டோ கியர். பெரிய திரை. பின்சீட்டில் கோப்பை வைக்கக் கூடுதல் இடம். நன்றி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சிவப்புச் சின்ன வகையைப் பற்றி ஒரு சொல் இல்லை. குணா அண்ணன், "தண்ணி குடிக்கப் போயிருப்பான்லா. வந்து சொல்லுவான்" என்றார். திரையில் கம்பெனியின் படம் வந்து பாட்டு ஓடியது. அதுவும் முடிந்தது. ஹரி தன் காரை, அதாவது அக்காவின் பழைய காரை, பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"கப்பு வைக்க இடமாம்" என்றார் அக்கா. "ரசம் ஊத்தி வைக்கலாம்." சின்னத்தைக் கைப்பைக்குள் வைத்து மூடினார்.

கார்தானே என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் காலை அவர் நீட்டிய கைப்பேசியில் இருந்த செய்தியை வாசித்தேன். இந்த வண்டியை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் குடும்பத்தினர் என்பதால் வேக வகை கைவிடப்பட்டது என்று போட்டிருந்தது. அக்கா வேனுக்குள் திரும்பிப் பார்த்தார். பிள்ளைகள் ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டிருந்தன.

"அப்ப நான் யாரு? நான் குடும்பம் இல்லையா?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். பின்னால் ஒரு மோட்டார் ஹாரன் அடித்தது. அவர் போய்விட்டார்.

ஹரியிடம் காரைத் திரும்பக் கேளுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "அவன் ஆசையா வச்சிருக்கான். என் ஆசைக்காக அவன் ஆசையப் பிடுங்குறதா?" என்றார். சாமி காலடியில் வைத்த பொருளைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கக்கூடாது, ஏதாவது ஒரு வண்டியில் ஒட்டு என்று பூசாரி சொல்லிவிட்டார். அக்காவிடம் அப்போது இருந்தது ஒரே வண்டிதான். ஒரு காலையில் பள்ளி வேனின் பின்கதவில் அந்தச் சிவப்புச் சின்னம் மினுங்கியது. நாற்பதுக்கு மேல் போகாத வேன். பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க வேன் ரேஸ் வேன்" என்று கவின் பள்ளியில் சொல்லிவைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா ஒட்டுக்கடைக்கு வேனிலேயே வந்தார். பளபளக்கும் கார்களின் வரிசையில் கடைசியில் அது நிற்கும். குழுவினர் கேலி செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் முன்புபோல் தே தாரேக்கைக் குடித்து முடிக்கிற வரை உட்கார்வதில்லை.

ஒரு மதியம் வேனில் கவினுக்கு இழுப்பு வந்தது. அக்கா செம்பனை நிழலில் நிறுத்தி, இன்ஹேலரைக் கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கவின் இருமுவது எனக்குக் கேட்டது. "கிளினிக்குக்கு வேகமா போங்கக்கா! வேகமா!" என்று கத்தினேன். அக்கம்பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

"மூச்சு வந்துடுச்சும்மா. பேசுறான் பாரு. நான் கிளினிக்குக்குத்தான் போறேன். ஆனா வேகமா போகமாட்டேன். நீயும் மெதுவா வா" என்றார்.

கிளினிக் வாசலில் கவின் அவர் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "இவ்வளவு ஆசைப்படுறீங்களே, வேகம் வேகம்னு. இன்னிக்கு என் புள்ளைக்காகப் போகக்கூடாதா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா கவினின் சட்டையிலிருந்த தூளைத் தட்டிவிட்டார். "ஆறு நாளும் உங்க புள்ளைங்களோட வேகத்துலதான்மா நான் ஓட்டுறேன். அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஒரு நாள், ஒரு மணி நேரம், என் வேகத்துல போகணும்னு இருந்துச்சு. அதுவும் இதுவும் வேற. உனக்கும் ஒண்ணு இருக்கும். தேடிப்பாரு." பிறகு, அதைச் சொன்னதற்கே வெட்கப்பட்டவர்போல, "பிஸ்கட் முடிஞ்சுதாடா ராசா?" என்று அவனிடம் திரும்பிவிட்டார்.

இது நடந்து அதிக நாள் ஆகவில்லை. இறுதிச் சடங்கன்று அக்காவின் வீட்டு வாசலில் இருந்து சாலை வரைக்கும் செடான்கள் நின்றன. ஹரி அந்தக் கறுப்புக் காரைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தான். அமரர் ஊர்தி கிளம்பும்போது என் அருகே வந்து, "அக்கா, முன் சீட்டுல நீங்க உட்காருங்க. உங்களைத்தான் ஏத்தணும்னு அவங்க சொல்லிக்கிட்டே இருந்தாங்க" என்றான். பெண்கள் சுடுகாட்டுக்கு எதற்கு என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார். ராமு அண்ணன், "அவ வண்டியில போறாங்க. விடுங்க" என்றார். கவினை என் கணவரிடம் கொடுத்தேன். செருப்பு மாட்டினேன், கதவைச் சாத்தினேன், போனேன்.

வேகத்துக்காகக் கட்டிய அத்தனை கார்களும் ஊர்திக்குப் பின்னால் நாற்பதில் ஊர்ந்தன. எங்களுக்கு முன்னால் பள்ளி வேன். அதை அக்காவின் மகள் புவனா ஓட்டினாள். அம்மாவுக்கு முடியாத நாள்களில் ஓட்டுவதற்கென்று முறையான லைசன்ஸ் எடுத்து வைத்திருந்த பெண். பின்கதவில் அந்தச் சிவப்புச் சின்னத்தைப் பார்த்துக்கொண்டே போனோம்.

திரும்பும்போது, ஆளில்லாத நேர்ச்சாலையில், அவன் மெல்லக் கேட்டான். "அக்கா, அவங்க ஓட்டுற மாதிரி கொஞ்ச தூரம் ஓட்டட்டுமா?"

பழக்கத்தில் கைப்பேசியைப் பார்த்தேன். செய்தி எதுவும் இல்லை. அதைக் கவிழ்த்து மடியில் வைத்தேன். "ஓட்டுப்பா" என்றேன்.

கியர் மாறியது. முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. எஞ்சின் அலறும் என்று நினைத்திருந்தேன். அலறவில்லை. அடித்தொண்டையில் ஒரே சுருதியாக ஏறியது. இரண்டு பக்கமும் செம்பனைகள் கலந்து ஒரே பச்சைச் சுவராகின. அந்தக் கொஞ்ச தூரத்தில் நான் கவினை நினைக்கவில்லை. அவன் பிறந்ததிலிருந்து அவனை நினைக்காமல் நான் கடந்த ஒரே தூரம் அதுதான். பாலம் வருவதற்கு முன்பே ஹரி வேகத்தைக் குறைத்துவிட்டான். இருவர் முகமும் நனைந்திருந்தது. கைத்துண்டு ஒன்றுதான் இருந்தது. அவனிடம் கொடுத்தேன்.

எட்டாம் நாள் படையலில் மீன் குழம்பும் தே தாரேக்கும் வைத்தார்கள். சின்னத்தைக் கழற்றி ஹரியின் காரில் ஒட்டலாமே என்று குழுவில் சிலர் சொன்னார்கள். ஹரியே மறுத்துவிட்டான். "அது வேனுக்கு வச்சது" என்றான்.

திங்கட்கிழமை வேன் மறுபடி ஓடத் தொடங்கியது. முதல் நாள் இரவெல்லாம் எனக்குத் தூக்கம் வரவில்லை. அக்காவாவது கண்ணால் பார்த்துப் பழகியவர். புவனாவுக்கு இருபது சொச்சம் வயதுதான். கார் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டருகே வந்தேன்.

தாமான் முனையில் ஹாரன் கேட்டது. அக்கா அடிக்கிற அதே இரண்டு சின்ன ஒலி. டயர்களில் எலுமிச்சைச் சக்கை ஒட்டியிருந்தது. புவனா இறங்கிக் கவினை ஏற்றி பெல்ட் போட்டாள். கண்ணாடி பக்கத்தில் பெயர் எழுதிய பை தொங்கியது. என் கையிலிருந்த சாவியை அவள் பார்த்துவிட்டாள்.

"பின்னாடி வர்றீங்களாக்கா? வந்தா சொல்லுங்க. சிக்னலை முன்னாடியே போடுறேன். அம்மா சொல்லி வச்சிருக்காங்க."

சாவியை உள்ளங்கைக்குள் மூடினேன். "இல்லம்மா. நீ போ" என்றேன்.

"அப்பா ஒரு பழம் கூடுதலா வாங்கிட்டாரு. வச்சிக்குங்க" என்று ஓர் எலுமிச்சையைக் கையில் வைத்துவிட்டு ஏறினாள்.

அக்காவின் பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. ஒரு படம்கூட இல்லை. படம் எடுக்கும்போதெல்லாம் பிள்ளைகளைத்தான் எடுத்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது நேர்ச்சாலையில் அந்தக் கொஞ்ச தூரமும், பின்னால் போகாமல் நின்ற இந்த ஒரு காலையும்தான். இரண்டையும் வைத்துக்கொண்டு தொடங்கிப் பார்க்கிறேன், அக்கா. வருகிற ஞாயிறு கவின் அவன் அப்பாவுடன் இருப்பான். எனக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.

வேன் கிளம்பியது. சிவப்புச் சின்னம் மெதுவாக, மிக மெதுவாகச் சிறுத்துக்கொண்டு போனது. செருப்பைக் கழற்றினேன். எலுமிச்சையைக் கேட் வாசலில் வைத்து, வெறுங்காலால் மிதித்தேன். விரல்களுக்கிடையே சாறு குளிர்ந்தது. சாலைக் கோடியில், திருப்பத்துக்கு இன்னும் வெகு தூரம் இருக்கும்போதே, வேனின் சிக்னல் மின்னத் தொடங்கியது.